கண்ணாடியில்லா முப்பரிமாணப் படங்களும் பிழை மலிந்த தடங்களும் – ஒரு விமர்சனம்

தனிக் கண்ணாடி எதையும் அணியாமல், வெறும் கண்ணாலேயே ஆழம் தெரியும்படி பார்க்கக்கூடிய படத்தைக் கண்ணாடியில்லா முப்பரிமாணப் படம் என்கிறோம். வழியில் சிதைவு நேரக்கூடிய தடங்களின் ஊடாக அத்தகைய படத்தை நம்பத்தகுந்த முறையில் அனுப்புவது எப்படி என்பது, தகவல்தொடர்புப் பொறியியலில் கடந்த 20 ஆண்டுகளாக நிறைய எழுதப்பட்டுவரும் பொருள். அத்துறையின் அடிப்படைகளை மாணவர்களுக்கு விளக்குவதோடு, அத்துறை எதை வெற்றி என்று கணக்கிடுகிறது என்ற கேள்வியையும் இக்கட்டுரை எழுப்புகிறது.

எடுத்துக்காட்டுக்காக விழுப்புரம் மாவட்டம் செஞ்சியை அடுத்த சிங்கவரத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் சுமார் 24 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கிறார். அருகிலுள்ள திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள், வரிசைக்கு 12 பேராக இரண்டு வரிசைகளில், மேலோட்டமான புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் கால இராணுவ நிலவமைப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இனி இந்தப் பக்கத்துக் கற்களை முப்பரிமாணத்தில் படமெடுக்கவும், எடுத்ததை அனுப்பவும் பலர் வருவார்கள். அவர்கள் எடுத்துச்செல்லும் படம் வழியில் சிதைந்தால், அதைப் பெற்றுப் பார்க்கும் மாணவருக்குச் சிதைந்தது தெரியுமா? இந்தக் கேள்விதான் இக்கட்டுரையின் மையம்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. 'சேனல்' என்பதற்கு 'அலைவரிசை' என்று எழுதுவோர் உண்டு. தமிழ் வாசகருக்கு அது தொலைக்காட்சியைத்தான் நினைவூட்டுகிறது. கம்பி, காற்று, செயற்கைக்கோள் இணைப்பு, நினைவட்டை ஆகிய எல்லாமே தகவல் செல்லும் வழிகள் என்பதால் 'தடம்' என்ற சொல்லையே ஆள்கிறேன்.

கண்ணாடி இல்லாமல் ஆழம் தெரிவது எப்படி

நம் இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், ஒரே பொருளை இரு கண்களும் சற்றே வேறுபட்ட கோணங்களில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தைக் கணிக்கிறது. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் இதைப் படங்களைக் கொண்டே மெய்ப்பித்துக் காட்டினார். திரையரங்கில் கண்ணாடி அணிவதும் இதற்குத்தான். இடக்கண்ணுக்கு உரியது வலக்கண்ணுக்குப் போகாமல் அது தடுக்கிறது. 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்தையும், மறு ஆண்டு 'அன்னை பூமி' படத்தையும் பார்த்த தலைமுறைக்கு அந்தக் கண்ணாடி நன்றாக நினைவிருக்கும்.

கண்ணாடியில்லா முறையில், பிரித்துக் கொடுக்கும் வேலையைத் திரையே செய்கிறது. திருவிழாக் கடைகளில் விற்கும் வரிவரியான பிளாஸ்டிக் படம், சாய்த்தால் பிள்ளையார் மறைந்து முருகன் வரும் அந்தப் படம், இதன் எளிய வடிவம். ஒவ்வொரு வரியும் ஒரு நீண்ட குறு வில்லை. அடியில் இரண்டு படங்கள் கீற்றுக் கீற்றாக மாறிமாறி அச்சிடப்பட்டிருக்கும். எந்தக் கோணத்தில் பார்க்கிறோமோ அந்தக் கோணத்துக்கு உரிய கீற்றுகளை மட்டும் வில்லைகள் காட்டும். இரண்டு சாமிகளுக்குப் பதிலாக ஒரே சாமியின் இடக்கண் படத்தையும் வலக்கண் படத்தையும் வைத்தால் ஆழம் வந்துவிடும். வில்லைக்குப் பதில் நுண்ணிய தடுப்புக் கம்பிகளை வைக்கும் முறையை பிரெடெரிக் ஐவ்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்தினார். எல்லாத் திசையிலும் ஆழம் தெரிய வட்டக் குறுவில்லைகளைப் பரப்பலாம் என்று 1908இல் கப்ரியேல் லிப்மன் முன்மொழிந்தார். இன்றைய கருவிகள் எல்லாம் இவ்விரண்டின் வழித்தோன்றல்களே.

இதற்கு ஒரு விலை உண்டு. திரையிலுள்ள படப்புள்ளிகளைப் பார்வைகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. 2011இல் வந்த நின்டெண்டோ 3டிஎஸ் விளையாட்டுக் கருவியின் மேல்திரையில் கிடைமட்டமாக 800 படப்புள்ளிகள் இருந்தும், ஒரு கண்ணுக்குக் கிடைத்தவை 400தான். தலையைச் சற்று நகர்த்தினாலே ஆழம் குலைந்துவிடும். பலர் சுற்றி நின்று பார்க்க வேண்டுமானால் 8, 9 பார்வைகளாவது வேண்டும். 4கே திரையின் சுமார் 83 லட்சம் படப்புள்ளிகளை 8 பார்வைகளுக்குப் பிரித்தால் பார்வைக்குப் பத்து லட்சத்துச் சொச்சம் மிஞ்சும்.

அனுப்பும்போது கணக்கு எதிர்த்திசையில் பெருகுகிறது. 1920க்கு 1080 அளவுள்ள ஒரு வண்ணப் பார்வைக்குச் சுருக்காத நிலையில் 62 லட்சம் பைட்டுகள். எட்டுப் பார்வைகளுக்கு ஏறக்குறைய 5 கோடி. இது ஒரே ஒரு நிலைப்படத்துக்கு! ஆகவே சுருக்காமல் அனுப்ப வழியில்லை. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

பிழை எப்படிப் பரவுகிறது

எட்டுப் பார்வைகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், ஒன்றை மட்டும் முழுதாக அனுப்பி, மற்றவை அதிலிருந்து எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை மட்டும் சொல்வது சிக்கனம். எச்.264 தரத்தின் பல்பார்வை நீட்சி 2009இலும், அடுத்த தலைமுறையான எச்.இ.வி.சி. தரத்தின் பல்பார்வை நீட்சி 2014இலும் இந்த அடிப்படையில்தான் வந்தன. வேறுபாட்டை மட்டும் சொல்லும் முறையில் ஓர் ஆபத்து உண்டு. தாய்ப் படத்தில் ஒரு பொதி தொலைந்தால் அதை நம்பியிருக்கும் எல்லாப் பார்வைகளும் கெடும். காணொளியானால் அடுத்தடுத்த சட்டங்களுக்கும் அந்தக் கேடு தொற்றும்.

இன்னொரு வழி, ஒரு வண்ணப் படத்தையும் அதனுடன் ஓர் ஆழப்படத்தையும் அனுப்புவது. ஆழப்படம் என்பது கறுப்பு வெள்ளைப் படம்; ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை 0 முதல் 255 வரையுள்ள எண்ணால் அது சொல்லும். 255 மிக அருகே, 0 மிகத் தொலைவே. பெறுபவரின் கருவி இவ்விரண்டையும் கொண்டு மற்றப் பார்வைகளைத் தானே வரைந்துகொள்ளும்.

இங்கே ஒரு பிட் புரண்டால் என்ன ஆகும்? ஒரு புள்ளியின் ஆழம் 130 என்று கொள்வோம். இரும எண்ணில் அது 10000010. கடைசி பிட் புரண்டால் 131, யாருக்கும் தெரியாது. முதல் பிட் புரண்டால் 2. மூக்கு நுனி பின்சுவருக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். சாதாரணப் படத்தில் ஒரு புள்ளியின் நிறம் மாறினால் அது கறையாகத் தெரியும், கண் அதை ஒதுக்கிவிடும். ஆழம் மாறினால் கறையே தெரியாது. வண்ணம் சரியாக இருக்கும், வடிவம் மட்டும் பொய்யாக இருக்கும். முப்பரிமாணப் படத்தின் பிழை மற்றப் பிழைகளிலிருந்து வேறுபடும் இடம் இது.

பாதுகாப்பு முறைகள்: பாராட்ட வேண்டியவை

பிழை திருத்தக் குறிமுறைகளின் வரலாறு பெருமைக்குரியது. ஒரு தடத்தின் கொள்ளளவுக்கு உட்பட்டு அனுப்பினால் பிழையை வேண்டிய அளவு குறைக்கலாம் என்று 1948இல் கிளாட் ஷானன் நிறுவினார். 1950இல் ஹாமிங் குறிமுறையும், 1960இல் ரீட்–சாலமன் குறிமுறையும் வந்தன. மாரினர் 9 விண்கலம் 1971இல் செவ்வாயிலிருந்து படங்களை அனுப்பியதும், வாயேஜர் 2 யுரேனஸ், நெப்டியூன் படங்களை அனுப்பியதும் இத்தகைய குறிமுறைகளின் துணையோடுதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? டீக்கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் கீறலும் விழுந்தபின்னும் பணம் போகிறது. அதற்குள் இருப்பது ரீட்–சாலமன் குறிமுறை. மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சேதத்தைக்கூட அது தாங்கும்.

அதன் கருத்தைப் பத்தாம் வகுப்பு மாணவருக்கே விளக்கலாம். ஒரு நேர்கோட்டை வரைய 2 புள்ளிகள் போதும். நான் 5 புள்ளிகளை அனுப்புகிறேன். வழியில் எவை மூன்று தொலைந்தாலும் மீதி இரண்டைக் கொண்டு அதே கோட்டை வரைந்துவிடலாம். ஆனால் தொலையாமல், ஒரு புள்ளி இடம் மாறி வந்தால்? எது தவறானது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் கூடுதல் புள்ளிகள் தேவை. ரீட்–சாலமன் குறிமுறையில் இது கணக்காகவே இருக்கிறது. விண்வெளித் தகவல்தொடர்பில் வழங்கும் 255க்கு 223 என்ற வடிவில் 32 பைட்டுகள் காவலுக்கு வைக்கப்படுகின்றன. பிழை எங்கே என்று தெரியாவிட்டால் 16 பைட்டுகளைத் திருத்தலாம். எங்கே என்று தெரிந்தால் 32. பிழையின் இடம் தெரிவது பாதுகாப்பை இரட்டிப்பாக்குகிறது. இதைப் பின்னால் பயன்படுத்தப்போகிறேன், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பரிமாணப் படங்களுக்கென்று ஆய்வாளர்கள் கொண்டுவந்த நல்ல யோசனை 'சமமற்ற பாதுகாப்பு'. தாய்ப் பார்வைக்கு அதிகக் காவல், மற்றவற்றுக்குக் குறைவு. ஆழ எண்ணின் முன் பிட்டுகளுக்கு அதிகம், பின் பிட்டுகளுக்குக் குறைவு. வீட்டில் நகைக்கு ஒரு பூட்டும் விறகுக்கு ஒரு கொட்டகையும் வைப்பதுபோல. கையில் இருக்கும் காவல் பைட்டுகள் அளவானவை என்பதால் இது நியாயமான சிக்கனமே. இத்தனையும் மீறித் தொலைந்ததை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்தோ, முந்தைய சட்டத்திலிருந்தோ, அடுத்த பார்வையிலிருந்தோ எடுத்து இட்டு நிரப்புவதற்குப் 'பிழை மறைப்பு' என்று பெயர். பெயரிலேயே விஷயம் இருக்கிறது.

அளவுகோலின் குறை

இனி என் மறுப்புகள்.

இத்துறையின் கட்டுரைகளில் முறைகளை ஒப்பிடப் பெரும்பாலும் பயன்படுவது பி.எஸ்.என்.ஆர். என்னும் எண். மூலப் படத்துக்கும் வந்துசேர்ந்த படத்துக்கும் புள்ளிக்குப் புள்ளி வேறுபாடு கண்டு, வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, டெசிபெலில் சொல்வது. எண் கூடினால் முறை சிறந்தது. சாதாரணப் படத்துக்கே இந்த அளவுகோல் முழு உண்மையைச் சொல்வதில்லை. முப்பரிமாணத்துக்கு அது இன்னும் பொருந்தாது. இடப் பார்வையில் ஒரு சிறு பகுதி அரைப் புள்ளி நகர்ந்தால் பி.எஸ்.என்.ஆர். மிகச் சிறிதே குறையும். கண்ணுக்கோ அந்தப் பகுதி பாறையிலிருந்து வெளியே வந்து நிற்கும். ஒவ்வொரு பார்வையையும் தனித்தனியே அளந்து சராசரி சொல்பவர், இரண்டு கண்களும் சேர்ந்து என்ன காண்கின்றன என்பதை அளக்கவில்லை.

சோதனைக்கு எடுக்கும் காட்சிகளையும் கவனிக்க வேண்டும். மைக்ரோசாப்ட் ஆய்வகம் 8 கேமராக்களால் எடுத்த 'பாலே', 'பிரேக்டான்சர்ஸ்'. மிட்சுபிஷி ஆய்வகத்தின் 'பால்ரூம்', 'எக்ஸிட்', 'வாசார்'. நகோயா பல்கலைக்கழகத்தின் 'கெண்டோ', 'பலூன்ஸ்'. எத்தனையோ கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருபவை இவைதாம். பொதுச் சோதனைக் காட்சி இருப்பது நல்லது, ஒப்பிட உதவும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை மனிதர்கள் அசையும் காட்சிகள். முன்னால் ஆள், பின்னால் சுவர், நடுவே நல்ல இடைவெளி. பெரிய ஆழ வேறுபாடுகளை நன்றாகக் காப்பாற்றும் முறை இங்கே வெல்லும்.

திருநாதர்குன்றின் பாறையை இங்கே கொண்டுவந்து வையுங்கள். ஆழப்படத்தின் எல்லையை 1 மீட்டர் முதல் 20 மீட்டர் வரை வைத்தால், 3 மீட்டர் தொலைவிலுள்ள பாறையில் ஆழ எண் ஒன்று மாறுவது ஏறத்தாழ 3.3 சென்டிமீட்டருக்குச் சமம். (ஆழ எண்கள் தொலைவின் தலைகீழ் விகிதத்தில் பகிரப்படுவதால் அருகே நுணுக்கமும் தொலைவில் முரட்டுத்தனமும் இருக்கும்.) 5 சென்டிமீட்டர் புடைப்புள்ள ஓர் உருவம் முழுவதும் ஒன்று அல்லது இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடும். அதாவது முகம், தோள், மடித்த கால் எல்லாம் இருப்பது கடைசி பிட்டுகளில். சமமற்ற பாதுகாப்பு 'போனால் போகட்டும்' என்று விடுவது எதையோ அதுதான் இங்கே சிற்பம்! நகை இருப்பது விறகுக் கொட்டகையில்.

எல்லையை 2.5 மீட்டர் முதல் 3.5 மீட்டர் வரை என்று குறுக்கினால் அதே ஓர் எண் சுமார் 4 மில்லிமீட்டராகிவிடும். நிலைமை பெரிதும் சீராகும். இது அனுப்பும் பொறியாளரின் வேலை அன்று, படமெடுப்பவர் முன்கூட்டியே செய்ய வேண்டிய முடிவு. எடுப்பவரும் அனுப்புபவரும் பேசிக்கொள்ளாத துறையில் இப்படிப்பட்டவை இடுக்கில் விழுந்துவிடுகின்றன.

இழப்பு மாதிரியைப் பற்றியும் ஒரு சொல். பொதிகளை 5 விழுக்காடு, 10 விழுக்காடு என்று சீராகத் தூவித் தொலைப்பதாகக் கொண்டு சோதிப்பது எளிது. நிஜத்தில், பாறைக்குப் பின்னே ஒரு திருப்பம் திரும்பினால் கைப்பேசியின் சமிக்ஞை கொஞ்ச நேரம் அடியோடு போய், பிறகு முழுதாக வரும். இழப்பு கூட்டமாகத்தான் வரும். இதைக் கணக்கில் கொள்ளும் கில்பர்ட்–எலியட் மாதிரி 1960களிலேயே வந்துவிட்டது. பயன்படுத்துவோர் இருக்கிறார்கள்; எளிய வழியில் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

நிரப்பியதைச் சொல்லாமல் நிரப்புவது

மேற்சொன்னவை திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள். என் முதன்மையான மறுப்பு பிழை மறைப்பைப் பற்றியது.

திருநாதர்குன்றில் ஒரு பழங்கல்வெட்டு உள்ளது. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைச் சொல்வது, கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டளவில் வைக்கப்படுவது. 'ஐ' என்னும் எழுத்தின் பழைய வடிவுக்கு எடுத்துக்காட்டாக எழுத்தியல் நூல்களில் பேசப்படுவது. ஒரே ஓர் எழுத்தின் வளைவு எப்படி இருந்தது என்பது வாதத்துக்கு உரிய இடம் இது.

கல்வெட்டுகளைப் பதிப்பிப்பவர்கள் என்ன செய்வார்கள்? ஐயத்துக்கு உரிய எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுவார்கள். முற்றிலும் சிதைந்த இடத்தைப் புள்ளிகளால் காட்டுவார்கள். தாமாக நிரப்பியதற்கு வேறு குறி. படிப்பவருக்குக் கல்லில் இருப்பது எது, பதிப்பாசிரியர் ஊகம் எது என்று தெரியும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும் பாட வேறுபாடுகளைக் காட்டியே பதிப்பித்தார். வாசிப்பு தடைபடுகிறது, அழகு குறைகிறது என்று யாரும் அந்தக் குறிகளை அழிக்கச் சொன்னதில்லை.

பிழை மறைப்பு முறைகள் இதற்கு நேர்மாறாக இயங்குகின்றன. நிரப்பிய இடம் எவ்வளவு தெரியாமல் இருக்கிறதோ அவ்வளவு வெற்றி. நேரடி ஒளிபரப்பில் கால்பந்தாட்டம் பார்ப்பவருக்கு இது சரிதான். கோல் விழும் நேரத்தில் திரையில் அடைப்புக்குறி யாருக்கு வேண்டும்? அந்தப் பயனுக்காகத்தான் இம்முறைகள் பிறந்தன, அதை மறுக்கவில்லை. அதே முறையைக் கல்வெட்டுக்கும் சிற்பத்துக்கும் மருத்துவப் படத்துக்கும் மாற்றமின்றிப் பரிந்துரைக்கும்போதுதான் குற்றம் வருகிறது. 16க்கு 16 புள்ளிகள் கொண்ட ஒரு கட்டம் தொலைந்து, பக்கத்துக் கட்டங்களின் சராசரியால் நிரம்பினால், உளியின் தடம் இருந்த இடம் மழுமழுப்பான பாறையாகிவிடும். பார்ப்பவர் 'இங்கே எழுத்து இல்லை' என்றே முடிவுகட்டுவார். காலி இடம் அவரைத் தேடச் சொல்லியிருக்கும். நிரம்பிய இடம் தேட விடாது.

சிங்கவரத்தில் ஒரு வழக்கு உண்டு. செஞ்சி மன்னன் தேசிங்கு போருக்குப் புறப்படுமுன் விடைகேட்டபோது அரங்கநாதர் சம்மதிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பார்கள். தேசிங்கு 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டான். வழிபாடு நடக்கும் கருவறையைப் படமெடுப்பது பற்றி நான் இங்கே பேசவில்லை. அது கோயிலாரின் முடிவு. ஆனால் இப்படி ஒரு நம்பிக்கை சூழ்ந்த முகத்தின் முப்பரிமாணப் படத்தில், கன்னத்தோரம் சில கட்டங்கள் தொலைந்து கணினியால் நிரப்பப்பட்டால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். முகம் திரும்பியிருக்கிறது என்பவருக்கும் இல்லை என்பவருக்கும் அந்தப் படம் சான்றாகிவிடும். சான்றாகக் காட்டப்படுவது சிற்பியின் வேலையா, கணினியின் சராசரியா என்று இருவருக்கும் தெரியாது.

'குறியிட்டால் தரவு கூடிவிடும்' என்பது எதிர்பார்க்கக்கூடிய விடை. கணக்குப் போடுவோம். 1920க்கு 1080 அளவுள்ள பார்வையில் 16க்கு 16 கட்டங்கள் 120 பெருக்கல் 68, அதாவது 8160. கட்டத்துக்கு ஒரு பிட் வீதம் 'வந்தது', 'நிரப்பியது' என்று குறித்தால் 8160 பிட்டுகள்; 1020 பைட்டுகள். 62 லட்சம் பைட் படத்துக்கு ஓராயிரம் பைட் குறிப்பு. அதுவும் தடத்தின் வழியே வர வேண்டியதில்லை. எந்தக் கட்டம் வரவில்லை என்பது பெறும் கருவிக்கு ஏற்கெனவே தெரியும், தெரிந்ததால்தான் நிரப்பியது. நிரப்பியதும் அந்த அறிவைத் தூக்கி எறிந்துவிடுகிறது. பிழையின் இடம் தெரிவது திருத்தும் வலிமையை இரட்டிப்பாக்குகிறது என்பது இத்துறையின் சொந்தக் கணிதம். குறிமுறையில் அவ்வளவு மதிப்புள்ள செய்தி, படம் பயனரிடம் சேர்ந்ததும் மதிப்பற்றுப் போவது ஏன்?

செய்ய முடியாததைக் கேட்கவில்லை. நிலப்படம் வரைபவர்கள் இதை முன்பே செய்திருக்கிறார்கள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள்களில் ரேடாரால் அளந்த உலக நிலவுயரத் தரவில், அளவு கிடைக்காத இடங்களில் −32768 என்ற எண் இடப்பட்டது. அப்படி ஓர் உயரம் உலகில் இருக்கவே முடியாதாகையால் யாரும் ஏமாற வழியில்லை. பின்னர் நாசா அந்த ஓட்டைகளை வேறு தரவுகளால் நிரப்பி வெளியிட்டபோது, எந்தப் புள்ளி எந்த மூலத்திலிருந்து வந்தது என்று சொல்லும் தனிக் கோப்பையும் உடன் கொடுத்தது. மலையின் உயரத்துக்குக் காட்டிய இந்த நேர்மையை மலையில் செதுக்கிய முகத்துக்கும் காட்டலாம்.

நாற்பதாண்டு விடைத்தாள் திருத்திய பழக்கத்தில் ஒன்று சொல்வேன். விடை தெரியாமல் இடம் விட்டிருக்கும் மாணவனுக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்று உடனே தெரியும். பக்கத்துப் பையனைப் பார்த்து நிரப்பியவனிடம் அது தெரியவர ஒரு பருவம் ஆகும்.

உண்மையில் எங்கே தொலைகிறது

ஆய்வுக் கட்டுரைகளை விட்டு நடைமுறைக்கு வருவோம். சிற்பத்தின் நிலைப்படத்தை அனுப்ப அவசரமே இல்லை. இணையத்தின் சாதாரணக் கோப்புப் பரிமாற்றத்தில், வராத பொதியை மறுபடி கேட்டு வாங்கும் ஏற்பாடு இருக்கிறது. சமிக்ஞை மோசமானால் நேரமாகும், அவ்வளவுதான். மறைப்பு தேவைப்படுவது நேரடி ஒளிபரப்புக்கே. அப்படியிருக்க, நிலைப்படங்களுக்கும் மறைப்பு முறைகளை முன்வைத்து டெசிபெல் கூடியதாகச் சொல்லும் கட்டுரைகள் இல்லாத நோய்க்கு மருந்து தருகின்றன.

இருக்கும் நோய் வேறு. புஜிபில்ம் நிறுவனம் 2009இல் இரட்டை வில்லைக் கேமரா ஒன்றை வெளியிட்டது; வில்லைகளுக்கிடையே 77 மில்லிமீட்டர்; பின்புறம் கண்ணாடியில்லாத் திரை. எடுத்த இரு படங்களையும் ஒரே கோப்பில் அது சேமிக்கும். அந்தக் கோப்பைப் புரியாத மென்பொருள் முதல் படத்தை மட்டும் காட்டும். அதில் திறந்து மறுபடி சேமித்தால் இரண்டாவது படம் சத்தமின்றிப் போய்விடும். ஒரு பொதியும் தொலையவில்லை, தடத்தில் பிழையும் இல்லை. ஒரு கண் போயிற்று. கைப்பேசிகள் படத்தோடு சேர்த்துவைக்கும் ஆழத் தகவலுக்கும், செய்திச் செயலி வழியே புகைப்படமாக அனுப்பும்போது பெரும்பாலும் இதே கதிதான்.

சுருங்குவதும் ஆழத்தை விழுங்குகிறது. அந்தக் கேமராவின் 3648 புள்ளி அகலப் படத்தில், அகலக்கோணத்தில் 3 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால், 5 சென்டிமீட்டர் புடைப்பு இரு படங்களுக்குமிடையே உண்டாக்கும் பெயர்ச்சி தோராயமாக ஒன்றரைப் புள்ளி. படம் 1600 புள்ளிக்குச் சுருங்கினால் அது ஏறக்குறைய முக்கால் புள்ளிக்கும் கீழே இறங்கிவிடும். தீர்த்தங்கரர் பாறைக்குள் போய்விடுவார். ஒன்றரை மீட்டருக்கு நெருங்கி எடுத்தால் ஆறு புள்ளிக்கு மேல் கிடைக்கும். ஆகவே மாணவர்கள் படமெடுக்கும்போது நெருங்கி, பகுதி பகுதியாக எடுப்பது நல்லது. அனுப்பும்போது 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள்; 'புகைப்படம்' வழி சுருக்கிவிடும். எஸ்.எச்.ஏ.-256 போன்ற சரிபார்ப்பு எண்ணை இரு முனையிலும் கணித்து ஒப்பிட்டால் ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும்.

கட்டற்ற தளங்களில் ஏற்றுவோருக்கு இன்னொரு விவரம். விக்கிமீடியா பொதுவகம் 2018 முதல் எஸ்.டி.எல். வகை முப்பரிமாணக் கோப்புகளை ஏற்கிறது. இந்த வகை உருவத்தை வெறும் முக்கோணங்களாகச் சேமிக்கும். நிறம் கிடையாது, எது அளந்தது எது நிரப்பியது என்ற குறிப்பும் கிடையாது. ஸ்கேன் மென்பொருள்கள் ஓட்டைகளைத் தாமாக அடைத்துவிட்டு முழு உருவமாகவே கொடுக்கின்றன. ஏற்றுபவருக்கே அது தெரியாமல் போகலாம். ஆனால் இருமக் கோப்பில் ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒதுக்கிய 50 பைட்டுகளில் 48தான் வடிவத்துக்கு. மீதி 2 பைட்டுகள் பெரும்பாலும் பூச்சியமாகவே கிடக்கின்றன. நிரப்பிய முக்கோணத்தை அங்கே குறிக்கலாம். பல மென்பொருள்கள் அந்த இடத்தைக் கண்டுகொள்வதில்லை என்பதால், எந்தப் பகுதி நிரப்பப்பட்டது, எந்த மென்பொருளால், எந்த நாளில் என்பதைக் கோப்பின் விவரப் பக்கத்திலும் தமிழில் எழுதிவைக்க வேண்டும்.